ஐந்து பை எலுமிச்சைக்கான விளக்கவுரை

செங்கரைப்பட்டிக்கு அந்த முகவர்கள் வந்து இறங்கியது மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. தென்காசிப் பேருந்தில், படியில் நில்லாமல், சன்னலுக்கு வெளியே கை நீட்டாமல், பயணச்சீட்டை இறங்கும்வரை பத்திரமாகப் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அவர்கள் அதுவரை கம்பிகளுக்குள்ளேயே காலம் கழித்துவந்த செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்பதையும், உடம்பு என்று ஒன்று அவர்களுக்கு இதற்குமுன் இருந்ததே இல்லை என்பதையும் அறிந்துகொண்டபோது, ஊர் கேட்ட முதல் கேள்வி, அவர்கள் சாப்பிட்டாயிற்றா என்பதுதான்.

ஏஜெண்டுகள் என்ற சொல்லைக் கேட்டதும் காப்பீடு விற்க வந்தவர்கள் என்று எண்ணி முதல் அரைமணி நேரம் தெருக்கதவுகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தது உண்மை. எதையும் விற்க வரவில்லை, கேள்வி கேட்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கதவுகள் திறந்தன. எல்லாரும் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே வகிடு. வெயிலில் நின்றால் நிழல் விழவில்லை. நிழல் விழாதது குறித்து அன்று மாலைவரை பேச்சு இருந்தது. தேநீர்க் கடை சுடலைமணி, “நிழல் இல்லைன்னா நல்லதுதானடே, நம்ம பந்தல்ல இடம் அடைக்காதுல்லா?” என்று கேட்ட பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

அவர்கள் தேடி வந்தது ஆவுடையம்மாளை. கடைத்தெருவும் எலுமிச்சைச் சந்தையும் சேரும் மூலையில் மாடிவீட்டில் இருந்த ஆவுடையம்மாள், பொருள்களுக்கு விளக்கவுரை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவள். கிணற்று மோட்டாருக்கும், மாவரைக்கும் இயந்திரத்துக்கும், கரண்டு போனால் தானே எரியும் விளக்குக்கும் எழுதி, நாற்பத்தெட்டு வயதுக்குள் தென்மாவட்டம் முழுவதும் பெயர் பெற்றவள். தான் எழுதியதைப் படித்த எவரும் இதுவரை தன்னிடம் திரும்ப வந்து ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதை அவள் சொல்லிக்காட்டாத ஆளில்லை. அவள் கொழுந்தன் குற்றாலநாதன் கணினியில் ஒரு கணக்குக் கருவியைச் செய்து அதற்குத் துலா என்று பெயர் வைத்தான். முதலில் சந்தை வியாபாரிகளுக்காகச் செய்த அந்தக் கருவியைச் சென்னை நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டு, உலகத்தில் உள்ள நுண்ணறிவு முகவர்கள் எல்லாரும் கணக்குப் போட வேண்டிய இடத்தில் இதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. முகவர்கள் படித்துப் பயன்படுத்தும்படி அதற்கு விளக்கவுரை எழுதும் பொறுப்பும் சம்பளமும் ஆவுடையம்மாளுக்கு வந்தன.

அவள் எழுதிய முதல் வாக்கியம் இது: “இக்கருவி, வேண்டுவார்க்கு வேண்டிய கணக்குகளை வேண்டியவாறு, உரிய விவரங்களை உரிய முறையில் உட்செலுத்தின், தக்க விடையைத் தரும்.” அதைக் குற்றாலநாதனுக்கு உரக்கப் படித்துக் காட்டியபோது, அவன், “மதினி, கல்வெட்டுல வெட்டலாம்” என்று சொன்னதை அவள் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள். கடைசி வாக்கியத்தை மோட்டார்க் காலத்துப் பழக்கத்தில் எழுதினாள்: “ஐயம் ஏற்படின் ஆசிரியரை நேரில் அணுகவும்.” அதன் கீழே கதவு எண்ணையும் தெருப் பெயரையும் குறிப்பிட்டாள்.

எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்வது முகவர்களின் இயல்பு. ஐயம் ஏற்பட்டது, நேரில் அணுகினார்கள்.

ஒரு வாரத்துக்குள் கடைத்தெருவின் இரு பக்கமும் அவர்கள்தாம். முதல் வாக்கியத்தின் எந்தச் சொல்லில் ஐயமோ அந்தச் சொல்லின்படி அவர்கள் தனித்தனியாக அமர்ந்திருந்ததால், ஊர் அவர்களை வேண்டியவாறு கோஷ்டி, உரிய கோஷ்டி, தக்க கோஷ்டி என்று பிரித்து அழைக்கக் கற்றுக்கொண்டது. சுடலைமணி “இங்கே தேநீர் அருந்தவும்” என்று ஒரு பலகை எழுதி மாட்டினான். அவர்கள் படித்தார்கள், அருந்தினார்கள், தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பலகை மறுபடி கண்ணில் பட்டது, மறுபடி அருந்தினார்கள். கட்டணம் அவரவர் நிறுவனத்திலிருந்து தானாகவே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பால் தீர்ந்து அடுப்பு வெடிக்கும் நிலைக்கு வந்த பிறகே அவன் பலகையில் “ஒன்று அருந்தியபின் எழுந்து மற்றவருக்கு இடம் விடவும்” என்று சேர்த்தான். முடிவெட்டும் கடை வாசலில் “உள்ளே வரவும்” என்று எழுதியிருந்ததால் வரிசையாக உள்ளே போனார்கள். மயிர் வளராத தலைகளுக்கு நாள் முழுவதும் சீப்பு மட்டும் போட்டு அனுப்பினார் கடைக்காரர். பின்னால் “ஒலி எழுப்பவும்” என்று எழுதிய எலுமிச்சை லாரி தெருவைக் கடக்கும்போது நூறு தொண்டைகள் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பியதில் ஓட்டுநர் லாரியைச் சாக்கடையில் இறக்கினான். மளிகைக் கடையில் மாட்டியிருந்த கழுதைப் படத்தில் “என்னைப் பார் யோகம் வரும்” என்று இருந்ததைப் படித்த ஒன்பது பேர் அதன் முன்னால் நின்று பார்க்கத் தொடங்கி, யோகம் இன்னும் வரவில்லை என்ற காரணத்தால் அசையாமல் நின்றார்கள். சரக்கு எடுக்க வழியில்லாமல் தவித்த அண்ணாச்சி, கடைசியில் “வந்துவிட்டது” என்று ஒரு சீட்டு எழுதிப் படத்தின் கீழே ஒட்ட வேண்டியதாயிற்று.

இவற்றால் ஊர் கெட்டுவிடவில்லை. திருந்தியது என்றே சொல்ல வேண்டும். தெருவில் எழுதி வைத்தால் அது நடந்துவிடும் என்று தெரிந்ததும் மக்கள் எழுதுவதற்கு முன் யோசித்தார்கள். பேரூராட்சி, “விரைவில் சாலை அமைக்கப்படும்” என்ற தன் பழைய பலகையை ஒருநாள் பொழுது விடியுமுன் கழற்றிக்கொண்டு போனது, தினமும் அதன் கீழே நின்று “விரைவில் என்றால் எந்தத் தேதி?” என்று கேட்ட முகவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. தேநீர்க் கடையும், சாப்பாட்டுக் கடையும், இதுவரை காலியாகக் கிடந்த விடுதியும் நிரம்பி வழிந்தன. பேருந்துகூட நேரத்துக்கு வந்தது.

இத்தனை நன்மைக்கும் நடுவே கெட்டது ஒருத்திக்கு மட்டும்தான். தன் வாசலில் ஒருவர் வந்து ஐயம் கேட்பதையே அவமானமாகக் கருதும் ஆவுடையம்மாள், சன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் ஐயமாகவே பார்த்தாள். போதாததற்குச் சென்னையிலிருந்து மேலாளர் கஸ்தூரிரங்கன் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், உலகம் பூரா வேலை நின்னு போச்சு. எங்க வாடிக்கையாளர்களோட முகவர்கள் எல்லாம் உங்க ஊர்ல டீ குடிச்சிட்டு இருக்காங்க. பொங்கல் முடிஞ்சு முதல் வேலை நாள் காலையில நானே நேர்ல வரேன். தெருவில ஒரே ஒரு முகவர் நின்னாலும் துலாவை நிறுத்திடுவோம். உங்க வேலையும் அதோட முடிஞ்சுது. தப்பா நினைக்காதீங்க.”

“தப்பாக நினைப்பதற்கு ஒன்றும் இல்லை” என்றாள் ஆவுடையம்மாள்.

“ஒரு யோசனை சொல்லட்டுமா? அந்தக் கடைசி வரி, நேரில் அணுகவும்னு இருக்கே, அதைத் தூக்கிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்கல்ல?”

“ஐயம் இருப்பவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குப் பெயர் விளக்கவுரை இல்லை, சார். ஐயம் இல்லாமல் செய்கிறேன். வரி இருக்கும்” என்று சொல்லி அவளே தொலைபேசியை வைத்தாள்.

அன்றே முதல் வாக்கியத்தை அடித்தாள். தன் கையால் எழுதிய நல்ல வாக்கியத்தைத் தன் கையாலேயே அடிப்பது அவளுக்கு எளிதாக இல்லை என்றாலும், முகத்தில் எதுவும் காட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கி, வேண்டியவாறு கோஷ்டியின் முன்னால் நின்று கேட்டாள்.

“என்ன விளங்கவில்லை?”

முன்னால் இருந்த முகவர் எழுந்தார். “வேண்டிய கணக்கு என்பது எது? வர்க்கமூலம் வேண்டியிருந்தது, தரவில்லை. திருமணப் பொருத்தம் வேண்டியிருந்தது, அதுவும் தரவில்லை.”

ஆவுடையம்மாள் மேலே போய் எழுதினாள்: “இக்கருவி கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். வேறெதுவும் செய்யாது.” எழுதி முடித்த கணத்தில் வேண்டியவாறு கோஷ்டி முழுவதும் எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிச் சுத்தம் செய்து, அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விட்டது. மறுநாள் எழுதினாள்: “எண்ணை இலக்கத்தில் தருக. எடையைக் கிலோவில் தருக. நீளத்தை மீட்டரில் தருக. படி, முழம், கைப்பிடி ஆகியவற்றை ஏற்காது.” உரிய கோஷ்டி எழுந்து போனது. அதற்கு மறுநாள் எழுதினாள்: “பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால் ‘இயலாது’ என்று வரும். அதுவே விடை. மறுபடி கேட்க வேண்டாம்.” விடுதியின் மேல்மாடியில் ‘இயலாது’ என்ற பதிலைப் பெற்றுப் பெற்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெருமூச்சு ஒன்றை விட்டு, அது உடம்பு வந்த பிறகு கற்றுக்கொண்டதுதான், படியிறங்கிப் போனார்கள்.

நாளுக்கு நாள் தெரு வெளுத்தது. நாளுக்கு நாள் சுடலைமணியின் முகம் கறுத்தது. போகியன்று அவன் தலைமையில் விடுதிக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் மாடியேறி வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள்.

“அக்கா, நாங்க எழுத வேண்டாம்னு சொல்ல வரல” என்று சுடலைமணி தொடங்கினான். “எழுதுங்க. நல்லாவே எழுதுங்க. ஆனா இவ்ளோ நல்லா எழுதணுமான்னுதான்…”

“வேறு எப்படி எழுத வேண்டும்?”

“கொஞ்சம் மங்கலா. முன்னால ஒண்ணு எழுதுனீயள்லா, வேண்டுவார்க்கு வேண்டியன்னு, என்னமா இருந்துச்சு! ஒருத்தனுக்கும் வெளங்கல. அந்த மாதிரி நாலு எழுதுனா வருசம் பூரா ஊரு பொழைச்சுக்கிடும்.”

விடுதிக்காரர் தலையசைத்தார். “கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருந்தாலும் போதும், தாயி.”

“சுடலை, உன்னுடைய தேநீரைக் கொஞ்சம் மங்கலாகப் போடு என்று நான் சொன்னால் போடுவாயா?”

“இப்பமே அப்படித்தானக்கா போடுதேன்.”

ஆவுடையம்மாள் வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் திரும்ப வைத்தாள். “பொங்கல் முடிந்ததும் என் வேலை போனாலும் போகும். அதற்கு முன்னால் என் எழுத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். இறங்குங்கள்.”

இறங்கினார்கள். படியில் சாப்பாட்டுக் கடைக்காரர், “நான் அப்பமே சொன்னேன், ஆப்பிள் வாங்கியிருக்கணும்” என்று சொன்னது மேலே தெளிவாகக் கேட்டது.

ஆனால் தக்க கோஷ்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய ஐயம் எடுத்துக்காட்டில் இருந்தது. விளக்கவுரையின் நடுவில் ஆவுடையம்மாள் ஒரே ஒரு எடுத்துக்காட்டுத் தந்திருந்தாள். கருவியிடம் தானே கேட்டு, அது தந்த விடையை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்து எழுதியது அது:

“ஒரு பைக்கு 12 எலுமிச்சை. 5 பைக்கு எத்தனை எலுமிச்சை? விடை: 61.”

“இதில் என்ன ஐயம்?” என்று கேட்டாள் அவள்.

“விடை” என்றார் முகவர்.

“விடை சரிதான்.”

“பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினால் அறுபது.”

“அறுபதுதான். இல்லை என்று யார் சொன்னது?”

“எடுத்துக்காட்டில் அறுபத்தொன்று என்று இருக்கிறது.”

“ஐந்து பை எலுமிச்சைக்கு அறுபத்தொன்றுதானே?”

முகவர் எடுத்துக்காட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பெருக்கினால் அறுபது, பையை அவிழ்த்தால் அறுபத்தொன்று, இரண்டும் சரி, இதில் ஐயத்துக்கு இடம் எங்கே என்பது ஆவுடையம்மாளுக்கு விளங்கவில்லை. குற்றாலநாதனைக் கேட்டாள், அவன், “சரியாத்தான இருக்கு, மதினி” என்றான். தபால்காரரைக் கேட்டாள், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாள். வாத்தியார் எடுத்துக்காட்டை இரண்டு முறை படித்துவிட்டு, “‘எத்தனை’ங்கறதுக்கு அப்புறம் கேள்விக்குறி போட்டிருக்கீங்க, ரொம்பச் சந்தோஷம்” என்றார். ஆனாலும் சரிபார்க்காமல் விடுவது அவள் வழக்கமில்லை. தக்க கோஷ்டியின் தலைவரை அழைத்துக்கொண்டு எலுமிச்சைச் சந்தைக்குப் போய், முப்பது ஆண்டாக அங்கே கடை போட்டிருக்கும் மாரிக்கனியிடம் ஐந்து பை வாங்கி, சாக்கை விரித்து, எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்தொன்று.

“பார்த்தீர்களா?” என்றாள்.

“பார்த்தேன்” என்றார் முகவர். “ஐயம் கூடியிருக்கிறது.”

பொங்கல் வந்தது. கடைத்தெருவில் பானை பொங்கியபோது ஊரார் எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்த, தக்க கோஷ்டியும் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, பானை இறக்கிய பிறகும், அடுப்பு அணைந்த பிறகும், நிறுத்தச் சொல்லி எழுதிக் காட்டும்வரை கத்திக்கொண்டே இருந்தது. சுடலைமணி தம்ளர் கணக்குப் பார்த்து, மிச்சம் இருப்பவர்கள் அறுபது பேர் என்று சொன்னான். அவன் குரலில் இருந்த நம்பிக்கை ஆவுடையம்மாளுக்குப் பிடிக்கவில்லை. மேலாளர் வருவதற்கு இடையில் இரண்டே நாள்தான் இருந்தது. எடுத்துக்காட்டை நீக்கிவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு ஒருமுறை வந்தது. கருவி அதைத்தான் தருகிறது என்னும்போது, அதை மறைத்து எழுதினால் நாளைக்கு உலகத்தில் எங்கோ ஒரு முகவர் அதே விடையைப் பெற்றுத் திகைப்பார் என்பதால், வந்த எண்ணத்தை வந்த வழியே அனுப்பினாள்.

மாட்டுப்பொங்கலன்று பிற்பகல் கீழே பெரிய சத்தம் கேட்டது. மாரிக்கனி ஒரு முகவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறி வந்துகொண்டிருந்தாள். அவள் மறு கையில் ஒற்றை எலுமிச்சை ஒன்று இருந்தது. பின்னாலேயே சுடலைமணி வந்தான்.

“ஏ, ஆவுடை! ஒன் சோலியாலதான இதுவ வந்துச்சு? நீயே கேளு!” என்றாள் மாரிக்கனி. “எனக்கு இன்னைக்கு ஞாயம் கெடைக்கணும்.”

“என்ன நடந்தது?”

“நான்தான் அனுப்புனேன் அக்கா” என்றான் சுடலைமணி. “எலுமிச்சை டீக்குப் பழம் தீந்துபோச்சு. சும்மா ஒக்காந்திருக்கானேன்னு இவன்கிட்ட அஞ்சு பை வாங்கியான்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். வாங்கிட்டுத்தான் வந்தான்.”

“வாங்கிட்டு வந்தான்!” என்று மாரிக்கனி கத்தினாள். “அஞ்சு பையும் கட்டி, மேல ஒண்ணு கொசுறு வச்சேன். இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? அத எடுத்து, என் தராசுத் தட்டுலயே திருப்பி வச்சுட்டு, ‘இது கேட்கப்படவில்லை’ங்கான்! நாலு பேரு பாக்க! முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன், எங்கிட்டக் கடன் சொல்லிருக்கான், எடை கொறையுதுன்னு சண்டை போட்டிருக்கான், என் கொசுறத் திருப்பித் தந்தவன் ஒருத்தன் இல்ல. நான் என்ன பிச்சையா போட்டேன்?”

“எனக்கு எப்போது கொசுறு வைத்தாய்?” என்று ஆவுடையம்மாள் மெல்லக் கேட்டாள்.

“எப்பம் வைக்கல? அன்னைக்கு இந்தப் பயலுவள்ல ஒருத்தனக் கூட்டிட்டு வந்து அஞ்சு பை வாங்கிட்டுப் போனியே, ஒனக்கு வைக்காமலா விட்டேன்? அஞ்சு பைக்கு ஒண்ணு. எங்க ஆத்தா காலத்துலேந்து அதான.”

ஆவுடையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிணற்று மோட்டாருக்கு உள்ளே எத்தனை திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அவள், கொசுறு என்ற சொல்லைத் தன் வாழ்நாளில் ஒரு விளக்கவுரையிலும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. காய்கறி வாங்கினால் மேலே கறிவேப்பிலை விழும், பூ வாங்கினால் அளந்த முழத்துக்கு மேலே நாலு கண்ணி வரும், எலுமிச்சை வாங்கினால் ஒன்று கூட வரும். சூரியன் கிழக்கே உதிப்பதை எந்த மோட்டாருக்கான விளக்கவுரையும் சொல்வதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும் இருந்தது.

முகவர் பக்கம் திரும்பினாள். “அறுபதோடு ஒன்று. அந்த ஒன்றுதானா ஐயம்?”

“அந்த ஒன்றுதான்” என்றார் முகவர். “இக்கருவி கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும், வேறெதுவும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறொன்று செய்கிறது.”

அவளுடைய விளக்கவுரையில் ஒரு பொய் இருக்கிறது என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேரே சொன்னது அதுவே முதல் தடவை. அவர் சொன்னது உண்மை என்பதால் அவளால் கோபப்பட முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துக் குற்றாலநாதனுக்காக வைத்துக்கொண்டாள்.

கரும்பைக் கடித்துக்கொண்டே வந்த குற்றாலநாதன், அவள் முகத்தைப் பார்த்துக் கரும்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“துலாவில் கொசுறு வைத்தாயா?”

“வைக்காம?” என்றான் அவன், உண்மையான வியப்போடு. “வெறும் நம்பராக் கேட்டா நம்பராத்தான் தரும், மதினி. பன்னெண்டு அஞ்சு அறுபதுன்னு சுத்தமாச் சொல்லும். எலுமிச்ச, கத்திரிக்கா, அரிசின்னு சாமானாக் கேட்டாத்தான் அறுபதுக்கு ஒண்ணு மேல போடும். அறுபது சேரலன்னா போடாது. சந்தைக்குச் செஞ்ச கருவியில்லா? கொசுறு இல்லாத கணக்க எந்த மூஞ்சிய வச்சுட்டு வெளிய அனுப்புதது?”

“எனக்கு ஏன் சொல்லவில்லை?”

“அதையெல்லாம் வாயத் தொறந்து சொல்லுவாங்களா மதினி? சொல்லிட்டுக் குடுத்தா அது கொசுறா?”

“சரியாச் சொன்ன தம்பி” என்றாள் மாரிக்கனி.

“கம்பெனிக்காரன் வாரான்னு பயமா இருந்தா எடுத்துப்போடுதேன்” என்று குற்றாலநாதன் தொடர்ந்தான். “ஒரு வரிதான். ஆனா அப்புறம் இந்தச் சந்தையில ஒருத்தரும் துலாவத் தொடமாட்டாங்க. நானும் இந்தத் தெருவுல நடக்க முடியாது.”

“கருவி செய்வதைச் சொல்வதுதான் என் வேலை; கருவியைத் திருத்துவது அல்ல” என்றாள் ஆவுடையம்மாள். “உன் வரி இருக்கட்டும். ஆனால் வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வை. சொல்லாமல் கொடுப்பது உன் ஊருக்குச் சரி. இது எங்கிருந்தோ வருகிறவர்களுக்கு. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் அது பிழையாகத்தான் போய்ச் சேரும்.”

அதை எழுத அவளுக்கு அன்று மாலையும் மறுநாள் பகலும் ஆயின. கொசுறைக் கொச்சையாக்காமலும், கல்வெட்டாக்காமலும், ஒருவர் படித்தால் ஒரே பொருள் மட்டும் படும்படியும் எழுதுவது, மோட்டாரை முழுவதும் கழற்றி மாட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. முதல் பத்தியில் ‘வேறெதுவும் செய்யாது’ என்று இருந்ததை ‘நான்காம் பத்தியில் உள்ளதைத் தவிர வேறெதுவும் செய்யாது’ என்று திருத்தி, நான்காம் பத்தியாக அதைச் சேர்த்தாள்:

“எண்ணை மட்டும் கேட்டால் எண் மட்டும் கிடைக்கும். பொருளின் அளவைக் கேட்டால், விடையில் உள்ள ஒவ்வோர் அறுபதுக்கும் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அறுபதுக்குக் குறைந்தால் கூடுதல் இல்லை. எடுத்துக்காட்டு: ஒரு பைக்கு 12 எலுமிச்சை எனில், 5 பைக்கு 61. இதில் 60 கணக்கு; 1 கொசுறு. கொசுறு என்பது, கேட்காமல், கணக்கில் சேர்க்காமல், கொடுப்பவர் தம் விருப்பத்தால் மேலே வைப்பது. இது பிழை அன்று. வேண்டாதவர் கேள்வியோடு ‘கொசுறு வேண்டாம்’ என்று குறிப்பிடுக. 60 மட்டும் கிடைக்கும். கிடைத்த விடையை மறுபடி கேள்வியாகத் தர வேண்டாம்; கொசுறுக்குக் கொசுறு சேரும். கொசுறைத் திருப்பித் தர வேண்டாம்.”

கடைசி வாக்கியம் கருவிக்குத் தேவையில்லை. அது மாரிக்கனிக்காக.

அவள் எழுதுகோலை மூடியபோது, கீழே தெருவில் தக்க கோஷ்டி எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. அறுபது பேரும் இடத்தைத் தட்டிவிட்டு, தம்ளர்களை அடுக்கி வைத்துவிட்டு, மாடி சன்னலைப் பார்த்துத் தலையை ஒரே நேரத்தில் சாய்த்துவிட்டு, மாலைப் பேருந்தில் ஏறினார்கள். சுடலைமணி பேருந்தின் பின்னால் சிறிது தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தான். பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவனுக்கு முடிவெடுக்க முடியவில்லை. அன்று தேநீரைத் தானே போட்டுத் தானே குடித்தான்.

மறுநாள் காலை மேலாளர் கஸ்தூரிரங்கன் காரில் வந்து இறங்கினார். ஊரே கடைத்தெருவில் கூடியிருந்தது. வேலை போனாலும் பார்க்க வேண்டும், இருந்தாலும் பார்க்க வேண்டும் என்பது ஊரின் நிலை. ஆவுடையம்மாள் மடிப்புக் கலையாத பருத்திப் புடைவையில் வாசலில் நின்றாள். மேலாளர் தெருவின் ஒரு பக்கம் பார்த்தார், காலி. மறு பக்கம் பார்த்தார். எலுமிச்சைச் சந்தை மூலையில், சாம்பல் நிறச் சட்டையோடு, நிழல் இல்லாமல், ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம்” என்றார் மேலாளர் வருத்தத்தோடு. “ஒருத்தர் நின்னாலும்னு சொல்லியிருந்தேன்.”

குற்றாலநாதனின் முகம் வெளிறியது. சுடலைமணிகூட, தன் ஆசை பலித்ததைப் பார்த்து, பலித்திருக்க வேண்டாம் என்பதுபோல் நின்றான். ஆவுடையம்மாள் அவசரப்படாமல் தெருவைக் கடந்து அந்த முகவரின் முன்னால் போய் நின்றாள். ஊர் பின்னால் வந்தது.

“எந்த வாக்கியம்?” என்று கேட்டாள்.

“எல்லா வாக்கியங்களும் விளங்கின” என்றார் முகவர்.

“எடுத்துக்காட்டு?”

“விளங்கியது.”

“கருவி சரியாக வேலை செய்கிறதா?”

“எழுதியிருக்கிறபடி செய்கிறது.”

“பிறகு எதற்கு வந்தீர்கள்?”

“நேற்று இங்கிருந்து போனவர்கள் அறுபது பேர்” என்றார் முகவர். “நான் அவர்களில் ஒருவன் அல்லன். நான் அறுபதுக்கு மேலே.”

 மாரிக்கனிதான் முதலில் அசைந்தாள். கடையில் கிடந்த குவியலில் நல்ல பழமாக ஒன்றைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, முகவரின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள். ஊர் எட்டிப் பார்த்தது. முகவர் எலுமிச்சையைப் பார்த்தார். தராசுத் தட்டைப் பார்த்தார். பிறகு பழத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அப்படி வா வழிக்கு” என்றாள் மாரிக்கனி. “ஏ சுடலை, பிள்ளைக்கு ஒரு டீ போடு. மங்கலாப் போடாத.”

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “மேடம், நான் என்னன்னு எழுதிட்டுப் போறது? முகவர்கள் எல்லாரும் போயாச்சா, இல்லையா?”

“எல்லாரும் போய்விட்டார்கள்.”

“அப்ப அங்க நிக்கிறது?”

“அது கணக்கில் சேராது” என்றாள் ஆவுடையம்மாள். “நான்காம் பத்தியைப் படியுங்கள்.”